ஊர்ஸ் நிடெகரின் இடது கை

எட்டு மணிக்கு வரச் சொன்னால் ஊர்ஸ் நிடெகர் ஏழு ஐம்பத்தெட்டுக்கு வாசல் மணியை அடிப்பார். எங்கள் ஓல்டன் ஊரில் பாதிப் பேர் ரயில்வேக்காரர்கள், நேரம் தவறாத ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த மனிதர் பத்து நிமிடம் முன்பே வந்து, கீழே தெருக் குளிரில் நின்று, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மேலே ஏறுகிறார் என்று ஜன்னல் வழியாகக் கண்டுபிடித்த அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தால் என்ன குடியா முழுகிப் போகும்?

நான் கொர்னேலியா வெர்ன்லி. மனநல மருத்துவர் ரகெல் ஆம்ஸ்லரிடம் பதினொரு வருடமாக நர்ஸ். ஊர்ஸைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். எழுதிக் கொடுத்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு, தொப்பையைப் பற்றிய ஒரு வரியை மட்டும் அடிக்கச் சொன்னார். அடித்துவிட்டேன். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றார், என்னுடைய தவறு உட்பட.

எமெந்தால் பக்கம் ஒரு பால் பண்ணைக்காரரின் நான்காவது பிள்ளை ஊர்ஸ். மாடுகளைக் கண்டால் ஆகாது. பதினாறு வயதில் பூட்டுத் தொழில் கற்க ஓல்டனுக்கு வந்து, ரயில் பட்டறையில் சேர்ந்து, இருபத்திரண்டு வயதில் ரயில் ஓட்டப் போனவர். இருபத்தாறு வருடம் ஓட்டினார். மனைவி மார்லிஸ் தபால் அலுவலக கவுண்ட்டரில் இருந்தவர். பிள்ளைகள் இல்லை. வீட்டின் பின்னால் முயல் வளர்த்தார். கண்காட்சிகளில் பரிசு வாங்குகிற முயல்கள். வியாழக்கிழமை சாயங்காலம் மூன்று நண்பர்களோடு யாஸ் சீட்டு ஆடுவார். தோற்றால் மறுநாள் காலை வரை யாரோடும் பேச மாட்டார். அவ்வளவுதான் அவர் வாழ்க்கை. அதில் ஒரு குறையும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

எங்களிடம் வருவதற்கு ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு நவம்பர் மாதம், ஆரெ ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி ஊரையே மூடியிருந்த ஒரு பிற்பகலில், அவருடைய ரயிலில் ஒருவர் அடிபட்டு இறந்தார். பெயர் ஐகன்மான், வயது எழுபத்தொன்று. தண்டவாளத்தை ஒட்டிய தோட்டப் பாத்திகளில் ஒன்று அவருடையது. லீக்ஸ் கீரையை ஒரு பெட்டியில் நிரப்பிக்கொண்டு, சுரங்கப்பாதை வழியாகச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, குறுக்கே தண்டவாளத்தைக் கடந்திருக்கிறார். அந்தத் தோட்டக்காரர்கள் எல்லோருமே அப்படிக் கடந்துகொண்டிருந்தவர்கள்தான்.

ஓட்டுநர் மீது தவறில்லை என்று விசாரணையில் ஒரே வரியில் எழுதிவிட்டார்கள். ஊர்ஸ் மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனார். முதல் மூடுபனியில் ஒரு சின்ன நிலையத்தில் ரயிலை நிறுத்தியவர் அப்புறம் அதை நகர்த்தவில்லை. வேறொரு ஓட்டுநர் வந்து பயணிகளைக் கொண்டு சேர்த்தார். அன்றிலிருந்து ஊர்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து, யார் எந்த ரயிலை ஓட்டுவது என்று மற்றவர்களுக்கு அட்டவணை போட்டார். ஆறு வருடம். எந்தச் சத்தம் கேட்டாலும் தூக்கிவாரிப் போடும், அதிலும் விசில் சத்தம் என்றால் வியர்த்துக் கொட்டும். மார்லிஸ் வீட்டில் இருந்த விசில் அடிக்கும் கெட்டிலைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, பாத்திரத்தில் தண்ணீர் சுட வைத்தார்.

எங்களிடம் வருவதற்குள் மாத்திரை, பேச்சு சிகிச்சை, கண்ணை இடமும் வலமும் அசைக்க வைக்கும் சிகிச்சை எல்லாம் முடித்துவிட்டிருந்தார். முதல் நாள் டாக்டரிடம் அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"டாக்டர், நான் திரும்ப ரயில் ஓட்டணும். எனக்கு நிம்மதியெல்லாம் வேண்டாம். சந்தோஷமும் வேண்டாம். ஓட்டணும், அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்," என்றார் டாக்டர்.

"அப்ப சரி, கூட வந்தா வரட்டும்."

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனதில் விழுந்த அடியிலிருந்து மீள முடியாதவரை, நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை, இப்போது நடப்பது போலவே, வாய்விட்டுச் சொல்ல வைப்போம். அதைப் பதிவு செய்து கொடுப்போம். வீட்டில் தினமும் ஒரு முறை கேட்க வேண்டும். நூறு முறை கேட்டால் நூற்றோராவது முறை அது நடந்து முடிந்த விஷயமாகிவிடும். மந்திரமில்லை, உழைப்பு. ஆனால் சிலரால் கதையின் நடுவில் ஓர் இடத்தைத் தாண்டவே முடியாது. ஊர்ஸ் அப்படித்தான். "தோட்டத்து வளைவு வருது, பனி, ஏதோ நீலமா தெரியுது" என்பது வரை வருவார். அப்புறம் முகம் மரத்துப்போய், கடிகாரத்தைப் பார்ப்பார். அங்கே பயம் காவல் நிற்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குத்தான், ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக தலைநகர் பெர்னில் உள்ள மத்திய சுகாதார அலுவலகத்தில் அனுமதி வாங்கி, எம்.டி.எம்.ஏ. கொடுக்கிறோம். நடன விடுதிகளில் பிள்ளைகள் விழுங்குகிற அதே போதைச் சமாச்சாரம்தான். அது யாரையும் குணப்படுத்தாது. காவல் நிற்கிற பயத்தைச் சில மணி நேரம் உட்கார வைக்கும், அவ்வளவுதான். அதற்குள் கதையைச் சொல்லி முடிக்க வேண்டியது நோயாளியின் வேலை. மாத்திரை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மருந்து நாளில் கூட உட்காருகிற எங்களுக்கு ஒரு விதி உண்டு. நோயாளி சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்லலாம். புதுச் சொல் கொடுக்கக் கூடாது. அவர் "பயமா இருக்கு" என்றால் "பயமா இருக்கு" என்று சொல்லலாம். "பயப்படாதீங்க" என்று சொல்லக் கூடாது. அந்த நேரத்தில் மனம் ஈரச் சிமெண்ட் மாதிரி இருக்கும். யார் கை வைத்தாலும் பதிந்துவிடும். இதைப் புதிதாக வருகிற நர்ஸ்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

முதல் மருந்து நாள் ஜனவரியில். ஊர்ஸ் பழைய மாத்திரைகளை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏழு ஐம்பத்தெட்டுக்கு மணி அடித்தது. கம்பளிக் காலுறை, வீட்டு பேன்ட், கையில் மார்லிஸ் கொடுத்தனுப்பிய ஆப்பிள் கேக். ரத்த அழுத்தம் பார்த்தோம், ஒன்பது மணிக்கு மருந்து கொடுத்தோம். மெத்தையில் படுத்து, கண்களை மறைக்கும் துணியைக் கட்டிக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. "காசைத் திருப்பிக் குடுங்க" என்று கண்ணைக் கட்டியபடியே கிண்டல் செய்தார். அப்புறம் அவர் தோள்கள் தளர்ந்தன. துணியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"சிஸ்டர், உன் மூக்கு எவ்வளவு நல்ல மூக்கு தெரியுமா?"

ஐந்து மாதமாக 'நீங்க' என்று பேசிய மனிதர். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரரோடு இருபது வருடம் பழகினாலும், யாராவது முறையாகக் கேட்டுக்கொண்டு ஒரு கிளாஸ் ஒயின் குடித்த பிறகுதான் 'நீ' வரும். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நல்ல மூக்கு" என்று திருப்பிச் சொன்னார். விதியை அவர் ஒருநாளும் மீறியதில்லை.

பதினோரு மணிக்கு ஊர்ஸ் தானாகவே கதைக்குள் போனார். வளைவு வந்தது. பனி வந்தது. நீலம் வந்தது. நீலம் ஒரு தொப்பி என்று முதல் முறையாகச் சொன்னார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது அரை அளவு மருந்தை எடுக்க டாக்டர் பக்கத்து அறைக்குப் போனார். அது இரும்புப் பெட்டியில் இருக்கும், பூட்டைத் திறந்து, புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு எடுக்க நாலு நிமிடமாகும். அந்த நாலு நிமிடத்தில்தான் ஊர்ஸ் அழ ஆரம்பித்தார்.

"ஊதினேனா? விசிலை நான் ஊதினேனா? தெரியல சிஸ்டர். ஊதியிருந்தா அவர் ஒதுங்கியிருப்பாரு. ஊதினேனா?"

பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. என் கையை அவர் பிடித்திருந்த பிடியில் மோதிரம் விரலில் பதிந்தது. ஆறு வருடமாக இந்த ஒரு கேள்விதான் இந்த மனிதரைத் தின்றிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"ஊதியிருப்பீங்க," என்றேன். "இருபத்தாறு வருஷக் கை. அது தானா போயிருக்கும்."

அழுகை நின்றது. முகம் இளகியது. "தானா போயிருக்கும்," என்று அவர் திருப்பிச் சொன்னார். யார் சொல்லை யார் திருப்பிச் சொல்வது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. டாக்டர் திரும்பி வந்தபோது ஊர்ஸ் அமைதியாகப் படுத்திருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பேச வந்தவர், மேல் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "சிஸ்டர், நேத்து நான் உங்க மூக்கைப் பத்தி ஏதாவது சொன்னேனா?"

"சொன்னீங்க."

"மன்னிச்சுக்கோங்க."

"நல்ல மூக்குதான். மன்னிப்பெல்லாம் வேண்டாம்."

அடுத்த நாலு வாரமும் ஊர்ஸ் வாரம் இரண்டு முறை வந்து, மருந்து இல்லாமல், கதையைச் சொன்னார். வளைவைத் தாண்டினார். மோதலைத் தாண்டினார். ரயில் நின்று, கீழே இறங்கி, கல் ஜல்லி மீது நடந்தது வரை போனார். வீட்டில் தினமும் பதிவைக் கேட்டார். தூக்கம் வந்தது. ஒரு நாள் மார்லிஸ் எனக்கு போன் செய்து, "சிஸ்டர், அந்த மனுஷன் அலமாரியிலேர்ந்து விசில் கெட்டிலை எடுத்து அடுப்புல வெச்சிருக்கார்! நான் சமையலறையில நின்னு அழுதுட்டேன்" என்றார். ரயில்வே டாக்டருக்கு எல்லாம் எழுத்தில் போயிருந்தது. ஜூன் மாதம் ரயில்வே உளவியலாளர் ஊர்ஸைச் சோதித்து, ரயில் ஓட்டலாமா கூடாதா என்று முடிவு சொல்வதாக ஏற்பாடு.

பதிவுகளைத் தட்டச்சு செய்வது என் வேலை. ஐந்தாவது வாரம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். ஊர்ஸின் குரல் நிதானமாக வந்தது. "பனிக்குள்ள நீலத் தொப்பி. ஊதறேன். நீளமா ஊதறேன். அவர் திரும்பிப் பாக்கறாரு. பிரேக்..."

என் விரல்கள் நின்றுவிட்டன. மூன்றாவது வாரப் பதிவை எடுத்தேன். "ஊதியிருப்பேன்னு நெனைக்கிறேன்." முதல் வாரப் பதிவு. "என் கை தானா போயிருக்கும்." அதற்கு முந்தையது மருந்து நாள் பதிவு. அதைப் போட்டேன். என் குரல், கொஞ்சம் மூக்கால் பேசுகிற என்னுடைய சொந்தக் குரல், தெளிவாகக் கேட்டது.

அந்த நீளமான ஊதல் ஊர்ஸுடையது அல்ல, நான் கொடுத்தது. உண்மையாகவே அவர் ஊதியிருந்தால் நல்லது. ஊதவில்லை என்றால்? ரயிலுக்குள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிற கருவி உண்டு. வேகம், பிரேக், ஊதல், எல்லாம் நொடிக் கணக்கில் இருக்கும். அதை அச்சடித்த தாள் உளவியலாளரின் கோப்பில் கட்டாயம் இருக்கும். ஊர்ஸ் அங்கே போய் உட்கார்ந்து, கண்ணில் நீரோடு, நீளமாக ஊதினேன் என்பார். எதிரில் இருப்பவர் தாளைப் பார்ப்பார். அப்புறம் ஊர்ஸ் வாழ்நாளில் ரயில் பக்கமே போக முடியாது. அதைவிட மோசம், தன் மனதையே இனி நம்ப மாட்டார்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். பதிவைப் போட்டுக் காட்டினேன். கடைசி வரை கேட்டார்.

"ஏன் கொர்னேலியா?"

"அழுதார். பாவமா இருந்துது." அப்புறம் உண்மையையும் சொன்னேன். "எனக்கு நல்ல பேரு வேணும்னு இருந்துது போல."

"நான் திட்டணும்னு எதிர்பாக்கறீங்களா?"

"திட்டினா நல்லாருக்கும்."

"திட்டல. அந்த நாலு நிமிஷம் உங்களைத் தனியா விட்டது நான். ஆனா அவர்கிட்ட சொல்ல வேண்டியது நீங்க. அவர் அடுத்த முறை வரும்போதே."

செவ்வாய்க்கிழமை, ஏழு ஐம்பத்தெட்டு. ஊர்ஸ் நல்ல உற்சாகத்தில் வந்தார். ஒரு முயல் ஏழு குட்டி போட்டிருந்ததாம். டாக்டர் இருக்கும்போதே அவர் முன்னால் இரண்டு பதிவுகளையும் போட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "ஊதினீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது, நிடெகர் சார். ஆனா ஊதினீங்கன்னு மொதல்ல சொன்னது நான். சொல்லியிருக்கக் கூடாது."

அவர் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது.

"மருந்தும் நீங்க குடுத்தீங்க, ஞாபகமும் நீங்க குடுத்தீங்க. இப்ப நீங்களே பிடுங்கறீங்களா?"

"ஆமா."

"எனக்கு அந்தச் சத்தம் காதுல கேக்குது! இப்பவும் கேக்குது!"

"தெரியும்."

"எனக்கு எதுக்கு இதைச் சொன்னீங்க? நான் நல்லாத்தானே இருந்தேன்?" அவர் எழுந்தார். நாற்காலியை ஒழுங்காக மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு போனார். கோபத்திலும் நாற்காலியைத் தள்ளி வைக்கிற மனிதர்.

மூன்று வாரம் வரவில்லை. மார்லிஸிடமிருந்து மட்டும் ஒரு போன் வந்தது. "கெட்டில் மறுபடியும் அலமாரிக்குள்ள போயிடுச்சு. உங்களுக்குச் சந்தோஷமா?"

"இல்லைங்க."

"எனக்கு உங்க மேல அவ்வளவு கோபம். சொல்லாமலே விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

ஜூனில் என்ன ஆகியிருக்கும் என்று சொன்னேன். தாள் பற்றிச் சொன்னேன்.

"அந்தத் தாளா?" என்றார் மார்லிஸ். "அது எங்க வீட்டுலயே இருக்கு சிஸ்டர். யூனியன்காரர் ஒரு நகல் வாங்கிக் குடுத்தாரு. கீழ, போர் வந்தா ஒளியறதுக்குக் கட்டின பதுங்கு அறையில, முயலுக்குக் கிடைச்ச பரிசுக் கோப்பைக்கும் ஜெல்லி பாட்டிலுக்கும் நடுவுல, ஒட்டின உறையிலயே கிடக்கு. ஆறு வருஷமா அதைத் தொடாமச் சுத்தித் தூசி தட்டறேன்."

அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் வாசல் மணி ஏழு ஐம்பத்தாறுக்கு அடித்தது. மார்லிஸ் கூட வந்திருந்தார், அதனால்தான் நேரம் தவறிவிட்டது. ஊர்ஸ் என்னைப் பார்க்காமல் நேராக டாக்டரிடம் போய் மேசை மீது உறையை வைத்தார்.

"அன்னைக்குக் குடுத்த மருந்தைக் குடுங்க. அதைப் போட்டுக்கிட்டு இதைத் திறக்கறேன்."

"இல்ல," என்றார் டாக்டர். "தாளைத் தெளிஞ்ச கண்ணால படிக்கணும். இன்னைக்குப் படிங்க. அதோட கொஞ்ச நாள் இருங்க. மருந்து அதுக்கப்புறம்."

"பயமா இருக்கு."

"பயமா இருக்கு," என்றேன் நான், வாசலருகில் நின்றபடி. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் உறையைப் பேனாக் கத்தியால் நேராகக் கிழித்தார்.

அந்தத் தாளை அவர் ஓட்டுநராகப் படித்தார். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கோடுகள். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் போனார். வேகம் நூற்றுப் பத்து. பிரேக் போட்டதற்கும் மோதியதற்கும் இடையில் ஒன்றேமுக்கால் நொடி. மூன்றாவது கோட்டில் விரல் நீண்ட நேரம் நகர்ந்தது. அந்தக் கோடு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு சின்ன மேடு கூட இல்லாமல் நேராகப் போயிற்று.

"ஊதல," என்றார்.

மார்லிஸ் அவர் முதுகில் கை வைத்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த அறையில் ஆறுதல் சொல்லக் கூடாதவள் ஒருத்தி உண்டென்றால் அது நான்தான்.

அதற்குப் பின் வந்த வாரங்கள் அலுப்பானவை. சிகிச்சையில் பெரும்பகுதி அலுப்புதான், அதை யாரும் எழுதுவதில்லை. 'ஊதியிருந்தா அவர் பிழைச்சிருப்பாரு' என்ற வாக்கியத்தை டாக்டர் ஒரு அட்டையில் எழுதி மேசை மீது வைத்தார். வாராவாரம் அதைப் புரட்டிப் போட்டுப் பேசினார்கள். ஊர்ஸ் ரயில்காரரல்லவா, கணக்குப் போட்டார். எழுபத்தொரு வயது, கையில் பெட்டி, பனி, ஒன்றேமுக்கால் நொடி. சத்தம் வருகிற திசையைத் தெரிந்துகொள்ளவே எவ்வளவு நேரம்? ஒதுங்கியிருப்பார் என்றும் ஆகவில்லை, ஒதுங்கியிருக்க மாட்டார் என்றும் ஆகவில்லை. கடைசியில் ஒரு நாள் பேனாவை எடுத்து 'பிழைச்சிருப்பாரு' என்பதை அடித்துவிட்டு 'தெரியாது' என்று எழுதினார். அந்த ஒரு சொல்லுக்கு ஐந்து வாரம் பிடித்தது. என்னோடு பேச மூன்று வாரம். ஒரு நாள் போகும்போது, "முயல் குட்டியில ஒண்ணுக்கு உங்க பேரு வெச்சிருக்கேன்" என்றார். "ரொம்ப வாயாடிக் குட்டி."

இரண்டாவது மருந்து நாள் மே தொடக்கத்தில். இந்த முறை இரண்டாவது அளவைக் காலையிலேயே புத்தகத்தில் எழுதி, பூட்டிய சின்னப் பெட்டியில் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். இப்போது எங்கள் கிளினிக்கில் அதுதான் வழக்கம். யாரும் தனியாக உட்காருவதில்லை.

ஊர்ஸ் வளைவை அடைந்தார். பனி. நீலத் தொப்பி. ஊதலைத் தேடவில்லை. மெதுவாகப் பேசினார், தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் பேசுவது போல.

"வலது கை பிரேக்ல. முழுசா இழுத்துட்டேன். அவர் என்னைப் பாக்கறாரு. பெட்டியைக் கீழ போட்டுட்டாரு. கையைத் தூக்கறாரு, முகத்துக்கு நேரா." அவருடைய இடது கை மெத்தையிலிருந்து தானாக எழுந்து, விரல்கள் விரிந்து, கட்டியிருந்த கண்களுக்கு மேல் வந்து மூடிக்கொண்டது. "ஊதற கை இது. இந்தக் கையாலதான் ஊதணும். நான் கண்ணை மூடிக்கிட்டேன். கண்ணை மூடிக்கிட்டேன் சிஸ்டர்."

எல்லாருமே மூடியிருப்பாங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான். உங்க தப்பில்ல. இத்தனையும் என் வாய்க்குள் வந்து நின்றன. டாக்டர் என்னைப் பார்த்தார். விழுங்கினேன்.

"கண்ணை மூடிக்கிட்டீங்க," என்றேன்.

"மூடிக்கிட்டேன்."

அவர் ஒரு மணி நேரம் அழுதார். இந்த முறை கேள்வி கேட்டு அழவில்லை. "ஐகன்மான்" என்று பெயர் சொல்லி அழுதார். ஆறு வருடத்தில் அந்த மனிதருக்காக அவர் அழுதது அதுதான் முதல் தடவை. அதுவரை தனக்காகவே அழுதுகொண்டிருந்ததாக அவரே பிறகு சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தேன், ரத்த அழுத்தம் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

அந்த இடது கை எந்தத் தாளிலும் இல்லை. கருவிக்கு அது தெரியாது. அதுவும் மருந்து காட்டிய கற்பனையாக இருக்கலாம் என்று டாக்டர் அவரிடம் தெளிவாகவே சொன்னார். இருக்கலாம் என்று ஊர்ஸும் ஒப்புக்கொண்டார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அந்தச் சொல்லை நான் கொடுக்கவில்லை.

ஜூனில் உளவியலாளர் முன்னால் நடந்ததை ஊர்ஸே எனக்குச் சொன்னார். பெண்மணி கோப்பைப் புரட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாராம். "எச்சரிக்கை ஒலி எழுப்பினீங்களா?"

"இல்ல. ஊதல. பிரேக் போட்டேன். ஊத வேண்டிய கையால கண்ணை மூடிக்கிட்டேன்னு நெனைக்கிறேன். அவர் பிழைச்சிருப்பாரான்னு தெரியாது."

அப்போதுதான் அவர் தலை நிமிர்ந்தாராம். "இதை இதுக்கு முன்னால யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"எங்க சிஸ்டர்கிட்ட."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல," என்றாராம் ஊர்ஸ். "அதுதான் நல்லாருந்துது."

செப்டம்பரில், முதல் ஆறு வாரம் பக்கத்தில் ஒரு பயிற்சியாளரோடு ஓட்டலாம் என்று உத்தரவு வந்தது. அதன் பிறகு தனியாக. மார்லிஸ் கெட்டிலைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் காபிக்கு அழைத்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் அது கத்தியது. ஊர்ஸ் எழுந்து போய், கொஞ்ச நேரம் கத்தவிட்டு, இறக்கி வைத்தார். அன்று முறையாகக் கேட்டு, ஒயின் ஊற்றி, என்னை 'நீ' என்று கூப்பிட அனுமதி வாங்கினார். "மூக்கைப் பத்திச் சொன்னதையும் திருப்பி எடுத்துக்கல" என்றார்.

நவம்பரில் ஆரெ ஆற்றிலிருந்து பனி எழுந்தது. வேலை முடிந்து நான் வீட்டுக்குப் போகிற ரயிலுக்காக மூன்றாவது நடைமேடையில் நின்றிருந்தேன். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ரயில் வந்த பிறகுதான் அது வந்ததே தெரிந்தது. நேரப்படி வந்திருந்தது. முன்பெட்டியைத் தாண்டி நடந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் ஊர்ஸ் தெரிந்தார். தனியாக இருந்தார். முன்னால் பனியையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் வலது கையை நெம்புகோலிலிருந்து எடுக்காமல், இடது கையைத் தூக்கிக் காட்டினார். நானும் காட்டிவிட்டு ஏறிக்கொண்டேன். தோட்டத்து வளைவில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மூடவில்லை.